பெருந்தொற்றுக் காலத்தில் கேப் ஒயின் பண்ணைகளுக்குப் போய்வருவது எப்படி

புரட்டாசி விரதம் முடிந்து வீட்டில் மறுபடியும் மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கியதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அத்தையும், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் இருக்கும் சித்தப்பா மகனும், டோங்காட்டில் என்னோடு படித்த தோழியும் கேட்பது ஒரே கேள்விதான்: டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேப்டவுனுக்கு வந்தால் ஸ்டெல்லன்போஷ், ஃப்ரான்ஷுக் பக்கத்து ஒயின் பண்ணைகளுக்குப் போக முடியுமா, போனால் நோய் தொற்றாமல் வீடு திரும்ப முடியுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போனதால், கடந்த ஒன்றரை ஆண்டில் நானே போய்ப் பார்த்ததையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் 2021 அக்டோபர் கடைசி வாரத்து நிலவரப்படி இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒயினை ருசிபார்ப்பது வெறுமனே குடிப்பது அன்று. கோப்பையைச் சுழற்றி, மூக்கை அதன் வாய்க்குள் நுழைத்து முகர்ந்து, ஒரு மிடறை வாயில் வைத்துக் காற்றோடு சேர்த்து உறிஞ்சிப் புரட்டி, பிறகு அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்புவதுதான் முறை. நடுநடுவே பக்கத்தில் இருப்பவரோடு அதைப் பற்றி ஓயாமல் பேசவும் வேண்டும். முகக்கவசத்தைக் கழற்றுவது, ஆழ மூச்சு இழுப்பது, துப்புவது, உரக்கச் சிரிப்பது என்று கொரோனா பரவ என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு மேசையில் கூடியிருக்கின்றன. ஆகவே வாசலில் கைக்குச் சானிடைசர் தெளித்தார்கள் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. எங்கே உட்காருகிறோம், எத்தனை நேரம் உட்காருகிறோம், யாரோடு உட்காருகிறோம் என்பதுதான் முக்கியம். ஒரே நாளில் ஐந்து பண்ணைகளைச் சுற்றிவரும் பழைய வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு பண்ணை, இரண்டிலும் திறந்த வெளியில் மேசை, மேசையில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சட்டம் ஒரே இரவில் மாறும்

2021 அக்டோபர் 1 முதல் நாடு, ஐந்து நிலைகளில் மிகத் தளர்வான முதலாம் நிலைக் கட்டுப்பாட்டில் இருந்தது. நள்ளிரவு முதல் அதிகாலை 4 மணி வரை மட்டுமே ஊரடங்கு இருந்தது. மது பரிமாறும் இடங்களில் இரவு 11 மணி வரை பரிமாற அனுமதி இருந்தது. மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருக்கவில்லை. பொது இடத்தில் முகக்கவசம் அணியாமல் இருப்பது மட்டும் அப்போதும் குற்றமாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்து, திருப்பித் தராத பணமாகக் கட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால் இந்த நாட்டில் மது விற்பனை இதுவரை நான்கு முறை முற்றாக நிறுத்தப்பட்டிருக்கிறது. முதல் தடை 2020 மார்ச் 27 அன்று முழு ஊரடங்கோடு சேர்ந்து வந்து மே முடியும் வரை நீடித்தது; அப்போது சில வாரங்களுக்கு ஒயின் ஏற்றுமதியைக்கூட நிறுத்தியதால், திராட்சையைப் பறித்து முடித்திருந்த பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது தடை அதே ஆண்டு ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமை இரவு, ஜனாதிபதி ராமபோசா பேசி முடித்த கையோடு அமலுக்கு வந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இருந்தது. மூன்றாவது, டிசம்பர் 28 இரவு அறிவிக்கப்பட்டு 2021 பிப்ரவரி தொடக்கம் வரை நீடித்தது. நான்காவது, 2021 ஜூன் 28 முதல் ஜூலை கடைசி வாரம் வரை. அந்த நான்கு வாரமும் ஜோஹன்னஸ்பர்க்கை உள்ளடக்கிய கௌடெங் மாகாணத்திலிருந்து உல்லாசப் பயணம் வெளியே போகவும் தடை இருந்ததை லெனேஷியாக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. குடிபோதையில் அடிபட்டும் வெட்டுப்பட்டும் வருபவர்களால் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் நிரம்பாமல், அந்தப் படுக்கைகள் கொரோனா நோயாளிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அரசு சொன்ன காரணம். அலை எழும்போதெல்லாம் தடை வந்திருக்கிறது. நான்காவது அலை 2021 இறுதியில் எழலாம் என்று மருத்துவர்கள் அப்போது எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சூடுபட்டது மூன்றாவது தடையில். அம்மாவையும் அப்பாவையும் புத்தாண்டுக்கு அழைத்துப்போகலாம் என்று ஃப்ரான்ஷுக்கில் ஒரு விடுதியில் இரண்டு அறைகளுக்கு நவம்பரிலேயே முழுப் பணத்தையும் கட்டியிருந்தேன். ‘ஃபேமிலி மீட்டிங்’ என்று நாம் எல்லோரும் கேலியாக அழைக்கும் அந்தத் தொலைக்காட்சி உரை முடிந்தபோது, பண்ணைகள் எதிலும் ஒரு சொட்டு ஒயின் ஊற்ற முடியாது என்றும் இரவு 9 மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது. விடுதிக்காரர்கள் அறை திறந்துதானே இருக்கிறது என்று வாதிட்டுப் பணத்தைத் தர மறுத்து, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டிய ஒரு வவுச்சரைக் கொடுத்தார்கள். அது என் மேசை இழுப்பறையிலேயே காலாவதியானது.

ஆகையால் முன்பதிவு செய்யும்போது, வருவதற்கு முந்தைய நாள் வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வருமா என்பதைப் பேச்சில் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். ‘மது விற்பனை தடைசெய்யப்பட்டால்’, ‘மாகாண எல்லை மூடப்பட்டால்’ என்ற இரண்டு நிலைமைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பண்ணையில் ருசிபார்ப்பதற்கான கட்டணத்தை அங்கே போன பிறகு செலுத்துவதே நல்லது; முன்பணம் கேட்டால் ஆளுக்கு ஒரு சிறு தொகைக்கு மேல் கொடுக்காதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவு அரசிதழில் வெளியான விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாமா அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பெட்டியைக் கட்டவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம்.

தடுப்பூசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2021 ஆகஸ்ட் 20 முதல் ஊசி கிடைத்தது. 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் 2021 அக்டோபர் 20ஆம் தேதி தொடங்கிவிட்டார்கள். ஃபைசர் ஊசியின் இரண்டு தவணைகளுக்கும் இடையே இங்கே அப்போது 42 நாள் இடைவெளி வைத்திருந்ததால், அக்டோபர் கடைசி வாரத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டவருக்கு இரண்டாவது ஊசி டிசம்பர் இரண்டாவது வாரத்தில்தான் வரும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் போனால்தான் உடம்பில் காப்பு முழுமையாகும். அதாவது அப்போது தள்ளிப்போட்டவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன் கணக்கு உதைத்தது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத பெரியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

எந்த நாள், எந்தப் பக்கம்

டிசம்பர் 16 விடுமுறையிலிருந்து புத்தாண்டு முடியும் வரை கேப் முழுவதும் நாட்டின் பாதிப் பேர் குவிந்திருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளி காரணமாக அந்த நாட்களில்தான் வர முடியும் என்றால், வார இறுதியை விட்டுவிட்டுச் செவ்வாய், புதன் கிழமைகளில், காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடைக் காலத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் பெருங்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். நோய்களையும் கெட்ட காற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அந்தக் காலத்தவர்கள் நம்பியதால் அதற்கு ‘கேப் டாக்டர்’ என்று பெயர். இந்தக் கொரோனா காலத்தில் அந்த மருத்துவரோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. ஆனால் அது வீசும்போது கோப்பையிலிருந்து எழும் மணம் மூக்குக்கு வந்து சேராது. போன ஆண்டு நவம்பரில் அத்தையோடு போயிருந்தபோது, ஒயின்களின் பெயர் அச்சடித்த தாள் எங்கள் மேசையிலிருந்து பறந்து, மூன்று மேசை தள்ளி ஒருவருடைய தட்டில் போய் விழுந்தது. பரிமாறிய பெண் பூந்தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, சானிடைசரால் துடைத்து, அடுத்த தாளின் மேல் வைத்துவிட்டுப் போனாள். திறந்த வெளியில் மேசை கேட்கும்போது, காற்று படாத பக்கமாக, ஓக் மரத்தடியிலோ கட்டடத்தின் மறைவிலோ கேளுங்கள்.

கேப்டவுனில் தங்கி ஒரே நாள் மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. நகருக்குள்ளேயே, மலையின் பின்புறம், கான்ஸ்டான்ஷியா இருக்கிறது. டச்சுக் கம்பெனியின் கேப் தலைவராக இருந்த சிமோன் ஃபான் டெர் ஸ்டெல் 1685இல் நிலம் பெற்று உண்டாக்கிய பண்ணையின் ஒரு பகுதிதான் இன்றைய க்ரூட் கான்ஸ்டான்ஷியா. அங்கே உருவான இனிப்பு ஒயினை செயின்ட் ஹெலீனாத் தீவில் சிறையிருந்த நெப்போலியன் வரவழைத்துக் குடித்தார் என்பது அங்கே போகிற எல்லோருக்கும் சொல்லப்படும் கதை, உண்மையும்கூட.

இரண்டு மூன்று நாள் இருப்பவர்களுக்கு ஸ்டெல்லன்போஷ்தான் சரியான இடம் என்பது என் எண்ணம். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஊரைச் சுற்றிலும் பண்ணைகள் நெருக்கமாக இருப்பதால் காரில் அடைந்துகிடக்கும் நேரம் குறைவு. அவசரத்துக்கு மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே உண்டு. நாட்டின் முதல் ஒயின் பாதை 1971இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்கே உரிய பினோட்டாஜ் திராட்சையையும் இங்கே பல்கலைக்கழகத்தில்தான் ஆபிரஹாம் பெரோல்ட் என்பவர் 1925இல் பினோ நுவா, சான்சோ என்ற இரண்டு வகைகளை இனக்கலப்புச் செய்து உருவாக்கினார். ஃப்ரான்ஷுக் அழகில் ஒரு படி மேல்தான், ஆனால் ஒரே தெருவில் எல்லா உணவகங்களும் வரிசையாக இருப்பதால் விடுமுறையில் நெரிசலும் ஒரு படி மேல். பழைய ரயில் பாதையில் ஓடும் ஒயின் டிராம் பக்கங்கள் திறந்த வண்டி என்பது உண்மை. ஆனாலும் அறிமுகமில்லாதவர்களோடு தோளோடு தோள் உரச உட்கார வேண்டிவரலாம் என்பதால் எழுபது வயது அம்மாவை நான் இந்த ஆண்டு அதில் ஏற்றமாட்டேன். பார்ல் பக்கம் ஃபேர்வியூ பண்ணையில் ஆடுகள் சுழல்படியில் ஏறி நிற்கும் கோபுரம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது ஒன்றே போதும்.

முன்பதிவுத் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இணையத்தில் முன்பதிவு செய்தாலும் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவது என் பழக்கம், ஏனென்றால் பேசுபவரின் பதிலிலேயே அந்தப் பண்ணை நோயை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பது தெரிந்துவிடும். வெளியில் மேசை உண்டா, மழை வந்தால் உள்ளே எங்கே உட்காரவைப்பீர்கள், அந்த அறைக்கு எதிரெதிர்ச் சன்னல்கள் உண்டா என்று கேளுங்கள். துப்புவதற்கு மேசைக்குப் பொதுவாக ஒரு பாத்திரம் வைக்கிறீர்களா, ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பை தருகிறீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்ன இடங்களில் மற்ற ஏற்பாடுகளும் ஒழுங்காக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். பாதாள அறையைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு இருந்தால், மன்னிக்கவும், இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பீப்பாய்கள் அடுக்கிய அந்த அறைகள் குளிர்ச்சியாகவும் காற்றோட்டம் இல்லாமலும் இருப்பதற்காகவே கட்டப்பட்டவை.

பிரியாணிச் சட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது நம் வழக்கம் என்றாலும், வெளி உணவைப் பெரும்பாலான பண்ணைகள் உள்ளே விடுவதில்லை. அதற்குப் பதிலாக போஷென்டால், வாரிக் போன்ற பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கூடையில் உணவு தயாரித்துத் தருவார்கள். புல்வெளியில் உங்கள் குடும்பத்துக்கென்று தனி இடத்தில் விரித்து உட்காரலாம். உள்ளறை உணவகத்தில் இரண்டு மணி நேரம் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். சைவம் என்று சொல்லும்போது முட்டை, மீன், கோழி எதுவும் கூடாது என்று விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சாலட்டின் மேல் கோழித் துண்டு வந்து சேரும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. ஒயின் திராட்சைச் சாறுதானே என்று சைவக்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் கலங்கலைத் தெளியவைக்கச் சில பண்ணைகள் முட்டை வெள்ளைக்கருவையும், சில மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையையும், சில பாலின் புரதத்தையும் பயன்படுத்துகின்றன. அவை வடிகட்டப்பட்டுவிடும் என்றாலும் மனம் ஒப்பாதவர்கள், பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைத்த ஒயின் எது என்று கேட்டால் காட்டுவார்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் ஜனவரி முதல் வாரத்துக்குள் பயணத்தை முடித்துக்கொள்ளும்படி திட்டமிடுங்கள்.

வண்டி

பத்துப் பேரை ஒரு கோம்பி வேனில் ஏற்றிக்கொண்டு சன்னலை மூடிக் குளிர்சாதனத்தைப் போட்டுப் போனால், பண்ணையில் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை எல்லாம் வீண். இரண்டு வீட்டார் என்றால் இரண்டு கார். முடியாதபோது எல்லோரும் முகக்கவசம் அணிந்து, முன்பக்கம் ஒன்றும் அதற்குக் குறுக்காகப் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு சன்னல்களை நான்கு விரல் அளவு இறக்கிவையுங்கள். காற்று ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் வெளியேறும்.

ஓட்டுபவர் யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். சட்டப்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம். ருசிபார்க்க ஊற்றுவது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லி. ஐந்து வகை என்றால் 150 மில்லி வரை. துப்பாமல் இரண்டு பண்ணைகளில் குடித்தால் அரை பாட்டிலை நெருங்கிவிடும். ‘நான் துப்பித்தானே விட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஊபர் ஸ்டெல்லன்போஷ் ஊருக்குள் எளிதாகக் கிடைக்கும், மலையடிவாரப் பண்ணையிலிருந்து திரும்பும்போது கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

புறப்படும் காலை, பிறகு மேசை

காலையில் பல் துலக்கியதும் சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து ஒவ்வொருவரும் முகர்ந்து பாருங்கள். மணம் தெரியவில்லை என்றால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது. நேரே பரிசோதனைக்குப் போங்கள். முன்பே நோய் வந்து குணமானவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் முகரும் திறன் திரும்புவதில்லை, சிலருக்கு நல்ல மணமும் கருகிய நாற்றமாகத் தோன்றும். அப்படிப்பட்டவர்கள் ருசிபார்க்கப் பணம் கட்டுவதைவிட, சாமர்செட் வெஸ்டில் ஃபெர்கெலெகன் பண்ணையின் தோட்டத்துக்குப் போய், 1700ஆம் ஆண்டையொட்டி நடப்பட்ட கற்பூர மரங்களின் அடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

அன்று காலை மல்லிகைப்பூ, அத்தர், மணமுள்ள எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு மாற்று முகக்கவசங்கள், கழற்றியதை வைக்க ஒரு காகித உறை, சொந்தப் பேனா, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனா எதற்கு என்றால், வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டும். எல்லோரும் தொடும் பேனாவை நீங்களும் ஏன் தொட வேண்டும்? நெற்றியில் வெப்பம் பார்க்கும் கருவி, டிசம்பர் வெயிலில் காருக்குள் வெந்து இறங்கியவர்களுக்குக் காய்ச்சல் என்று காட்டுவதும் உண்டு. அப்போது வாசற்காவலரோடு சண்டை பிடிக்காமல் ஐந்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டு மறுபடியும் காட்டுங்கள்.

மேசைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சானிடைசரைக் கையில் தேய்த்த உடனே கோப்பையைத் தூக்கி முகர்வார்கள். அந்த ஸ்பிரிட் வாடையும் அதில் கலந்த செயற்கை எலுமிச்சை மணமும் சேர்ந்து, கோப்பையில் இருப்பது செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயினா மருத்துவமனைத் தரையா என்று தெரியாமல் செய்துவிடும். நான் வாசலில் அவர்கள் தருவதைத் தேய்த்துக்கொள்வேன், பிறகு கழிப்பறைக்குப் போய் மணமற்ற சோப்பால் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவேன். மேசையில் மறுபடியும் தேய்க்க வேண்டியிருந்தால், மணம் சேர்க்காத சானிடைசரை இடது கையால் எடுத்துத் தேய்த்துவிட்டு, உலர ஒரு நிமிடம் விட்டு, கோப்பையின் தண்டை மட்டும் பிடித்து எடுங்கள்.

ஊற்ற வரும்போது முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் கை நீட்டி ஊற்றி, ஒவ்வொரு ஒயினைப் பற்றியும் நான்கு வரி பேசிவிட்டு நகர்வார். அந்த ஒரு நிமிடம் மூக்கும் வாயும் மூடியிருக்கட்டும், அவர் நகர்ந்த பிறகு கழற்றிக் குடியுங்கள். ‘இதைக் கொஞ்சம் ருசித்துப் பார்’ என்று கணவன் கோப்பையை மனைவிக்கும், மனைவி அண்ணனுக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள். பாலாடைக்கட்டித் தட்டு வாங்கினால் ஆளுக்கு ஒரு சிறு தட்டில் பிரித்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள். பக்கத்து மேசையில் கூட்டம் சேர்ந்து பாட்டுப் பாடத் தொடங்கினால், வேறு மேசைக்கு மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாற்றையே மூன்று நான்கு வகையாக ஊற்றித் தரும் பண்ணைகள் பல உண்டு. என் அத்தை அப்படித்தான் சிவப்புத் திராட்சைச் சாற்றை ஒயின் கோப்பையில் வாங்கிச் சப்பிச் சப்பிக் குடித்தார். சாட்ஸ்வர்த்தில் கோயில் பெண்கள் பார்த்துவிடுவார்கள் என்று, நான் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கும்போதெல்லாம் கோப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நம் காரச் சமையலுக்கு எந்த ஒயின் சேரும் என்று கேட்பவர்களுக்கு: லேசான இனிப்புள்ள செனின் பிளாங்கோ, எல்கின் பக்கத்து கெவுர்ஸ்ட்ராமினரோ டர்பன் ஆட்டுக்கறியின் காரத்தைத் தாங்கும். ஓக் பீப்பாயில் நாள்பட ஊறிய கடுஞ்சிவப்பு ஒயின் மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு எரியும்.

ஊற்றுபவர்களை நினைத்து

இந்தத் தோட்டங்களில் முதலில் உழைத்தவர்களில், டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. நம் கொள்ளுத்தாத்தாக்கள் 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை அது. வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக மலிவான ஒயினையே ஊற்றிக் கொடுத்த ‘டாப்’ முறை சட்டப்படி ஒழிந்துவிட்டாலும், அது விட்டுச்சென்ற குடிநோயும், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் இந்த மாகாணத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே இன்று பல பண்ணைகளில் நமக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். நாம் ஒரு நாள் வந்து போகிறோம். அவர்கள் நாளெல்லாம் முகக்கவசம் கழற்றிய வாய்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். நான்கு தடைகளின்போதும் முதலில் சம்பளம் குறைந்ததும் அவர்களுக்குத்தான். ஆகவே ஊற்றியவருக்கான கைக்காசை (டிப்ஸை) மேசையில் மறக்காமல் வைத்துவிட்டு வாருங்கள். அட்டையில் செலுத்துவதாக இருந்தால் அந்தத் தொகை ஊற்றியவருக்குப் போய்ச் சேருமா என்று கேட்டுவிட்டுச் செலுத்துங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பெட்டியாக வாங்கிக் கூரியரில் டர்பனுக்கு அனுப்பிவிடலாம் என்று பண்ணையில் சொல்வார்கள். தடை வந்த நாளில் வழியில் இருக்கும் பெட்டி அங்கேயே நின்றுவிடும். 2020 ஜூலையில் நான் அனுப்பிய ஆறு பாட்டில்கள் வெயில் படும் ஏதோ ஒரு கிடங்கில் ஐந்து வாரம் கிடந்துவிட்டு வந்து சேர்ந்தபோது, இரண்டில் தக்கை வெளியே தள்ளியிருந்தது. காரில் வந்தவர்கள் காரிலேயே எடுத்துப்போங்கள். விமானத்தில் வந்தவர்கள் இரண்டு மூன்று பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு பத்து நாட்களுக்கு ஆயாவையும் தாத்தாவையும் பார்க்கப் போகாமல் இருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்கள் வீட்டு முற்றத்தில் முகக்கவசத்தோடு பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நாட்களில் யாருக்காவது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்து, பரிசோதனையில் தொற்று உறுதியானால், பத்து நாள் தனிமையில் இருப்பதோடு, நீங்கள் போன இரண்டு பண்ணைகளுக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உங்கள் மேசைக்கு ஊற்றிய பெண் அடுத்த மேசைக்கும் ஊற்றியிருப்பாள். வாசலில் எழுதிவிட்டு வந்த பதிவேட்டைப் புரட்டி மற்றவர்களுக்குச் சொல்ல அவர்களால்தான் முடியும்.